சாலையோரக் கற்கள் கூறும் ஊர் வரலாறு

சென்னையிலிருந்து மேற்கே பூவிருந்தவல்லிக்குப் பேருந்தில் வரும் அங்கத்தினர் எவரும் மூன்று பெயர்களைக் காதாரக் கேட்டிருப்பர். வேலப்பன்சாவடி, குமணன்சாவடி, கரையான்சாவடி என்பன அவை. நடத்துநர் கூவுகின்றார், இறங்குவோர் இறங்குகின்றனர், ஏறுவோர் ஏறுகின்றனர். அப்பெயர்களுள் ஒளிந்திருக்கும் சாவடி எங்கே என்று கேட்போர் ஒருவருமில்லை. சாவடி என்பது வழிப்போக்கர் தங்கி இளைப்பாறும் கட்டடம். வண்டி மாடுகளுக்குத் தண்ணீரும் வைக்கோலும், மனிதருக்கு ஒரு திண்ணையும் கிடைக்குமிடம். ஒரே சாலையில், நடந்து செல்லக்கூடிய தொலைவுக்குள் மூன்று ஊர்கள் சாவடியின் பெயரைத் தாங்கி நிற்கின்றன எனில், இவ்வழியே எத்துணை வண்டிகளும் தலைச்சுமைக்காரரும் சென்றிருக்கவேண்டும் என்பதை நாம் கணக்கிட்டுக்கொள்ளலாம். புதிதாக அமைந்த மெட்ரோ இரயில் தடத்தின் நிலையங்கள் இரண்டிற்குக் குமணன்சாவடி, கரையான்சாவடி என்னும் பெயர்களையே இட்டிருக்கின்றனர். கட்டடம் போயிற்று; பெயர் தூண்மேல் ஏறிவிட்டது.

கூட்டுறவுத் தணிக்கையும் மேற்பார்வையும் நிமித்தமாக அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி, திருவள்ளூர்ப் பக்கங்களில் நாம் ஊர்தோறும் செல்லுங்கால், சாலையோரங்களில் நிற்கும் கற்களையும் பலகைகளையும் பார்த்துக்கொண்டே செல்வது வழக்கம். அமெரிக்காவில் இவ்வேலையை அரசே மேற்கொண்டிருக்கின்றது. வர்ஜீனியா என்னும் மாநிலத்தில் 1927 முதல் நெடுஞ்சாலைகளின் ஓரத்தில், இன்ன இடத்தில் இன்னது நிகழ்ந்தது என்று நாலைந்து வரிகளில் கூறும் உலோகப் பலகைகளை நாட்டி வருகின்றனர். இலண்டன் மாநகரத்தில் புகழ்பெற்றோர் வாழ்ந்த வீடுகளின் சுவர்களில் வட்டப் பலகை பதிக்கும் ஏற்பாடு 1866லேயே தொடங்கிற்று. நம் பக்கத்தில் அத்தகைய ஒழுங்கான ஏற்பாடு இல்லை. தொல்லியல் துறையின் நீலப் பலகைகள் சில உண்டு. அவை பெரும்பாலும் இச்சின்னம் 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி பாதுகாக்கப்பட்டது, சிதைப்போர் தண்டிக்கப்படுவர் என்று எச்சரிப்பனவே அன்றி, கதை சொல்வன அல்ல. ஆனால் பலகை இல்லாத குறையை நம் முன்னோர் கல்லால் நிரப்பியிருக்கின்றனர். அவற்றைப் படிக்கும் வகை தெரிந்தால் போதும்.

முதலில் தொலைவுக் கல்லை எடுத்துக்கொள்வோம். இதனை வெள்ளைக்காரர் கொண்டுவந்த புதுமை என்று கருதுவோர் பலர். அது சரியன்று. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்தில் அதியமான் பெருவழி என்னும் பழஞ்சாலையின் தொலைவுக் கற்கள் கிடைத்திருக்கின்றன. 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்பர் அறிஞர். அவற்றுள் ஒன்று, நாவற்றாவளம் என்னும் ஊருக்கு இன்னும் 29 காதம் உள்ளது என்று எழுத்தால் கூறுகின்றது. அதனினும் வியப்பு, எழுத்துக்குக் கீழே உள்ள குழிகள். இரண்டு பெரிய குழிகளும் ஒன்பது சிறிய குழிகளும் தோண்டப்பட்டிருக்கின்றன. பெரிய குழி ஒவ்வொன்றும் பத்து, சிறிய குழி ஒவ்வொன்றும் ஒன்று, கூட்டினால் 29. எழுத்தறியாத வண்டிக்காரன் இருட்டில் விரலால் தடவியே தொலைவை அறிந்துகொள்ளலாம். கற்றோர்க்கு ஒன்றும் கல்லாதார்க்கு ஒன்றுமாக ஒரே கல்லில் இரண்டு கணக்கு எழுதிய அந்தக் கல்தச்சரின் பெயர் நமக்குக் கிட்டவில்லை. நம் சங்கங்களில் ஒட்டப்படும் சில அறிவிப்புகளின் மொழிநடையைக் காணுந்தோறும் இந்தக் குழிகள் நம் நினைவுக்கு வருவதுண்டு.

கோவைக்கருகே சுண்டக்காமுத்தூர்ப் பக்கத்துப் பாறையில் இராசகேசரிப் பெருவழி என்று வட்டெழுத்தில் பொறித்திருப்பதும் இவ்வகையினதே. பெருவழி என்னும் சொல்லே நெடுஞ்சாலை என்பதற்கு நம் முன்னோர் வழங்கிய சொல்.

கும்பினி ஆட்சி வந்தபின் மைல்கற்கள் பெருகின. புதுக்கோட்டைப் பகுதியில் ஆங்கில, உரோம எண்களோடு தமிழ் எண்களையும் பொறித்த மைல்கற்கள் கண்டறியப்பட்டுள்ளன. தமிழ் எண்களை அறிந்துகொள்வது கடினமன்று. ௧, ௨, ௩, ௪, ௫, ௬, ௭, ௮, ௯ என்பன ஒன்றுமுதல் ஒன்பது. பத்துக்கு ௰, நூற்றுக்கு ௱, ஆயிரத்திற்கு ௲. பழைய முறையில் சுழியம் இல்லை. ஆகவே பதின்மூன்றை ௰௩ என்றும், இருபத்தைந்தை ௨௰௫ என்றும், நூற்றிருபதை ௱௨௰ என்றும் எழுதினர். பழைய பத்திரங்களிலும் பேரேடுகளிலும் இவ்வெண்களைக் காணும் அங்கத்தினர் இதனைக் குறித்து வைத்துக்கொள்வாராக.

1956ஆம் ஆண்டின் எடையளவைச் சட்டத்தின் பயனாக 1960களில் மைல் போய்க் கிலோமீட்டர் வந்தது. கல்லின் பெயர் மட்டும் மாறவில்லை; இன்றும் அதனை மைல்கல் என்றே அழைக்கின்றோம். கல்லின் தலையில் பூசிய வண்ணம் சாலையின் வகையைக் காட்டும். மஞ்சளாயின் தேசிய நெடுஞ்சாலை. பச்சையாயின் மாநில நெடுஞ்சாலை. கறுப்போ நீலமோ ஆயின் மாவட்ட, நகரச் சாலை. செம்மஞ்சளாயின் கிராமச் சாலை. இதனை அறிந்தவர்க்கு, தம் ஊர்ச் சாலையில் பள்ளம் விழுந்தால் எந்த அலுவலகத்தில் மனுக் கொடுக்கவேண்டும் என்பதும் ஒருவாறு விளங்கும்.

அளவைக் கற்களுள் நம் பகுதிக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. இந்தியா முழுவதையும் முக்கோணம் முக்கோணமாக அளந்த பேரளவைக்கு அடிக்கோடு இட்டது பரங்கிமலையருகில்தான். வில்லியம் லாம்ப்டன் என்பார் 1802ஆம் ஆண்டு ஏப்ரல் திங்கள் 10ஆம் நாள் அங்குத் தொடங்கி, தெற்கே ஏறத்தாழ ஏழரை மைல் நீளத்தைச் சங்கிலியால் அளந்தார். அந்த ஒரு கோட்டினின்று கிளம்பிய கணக்கே இமயம்வரை சென்றது. கோயில் வாயிற்படியிலோ பாலத்தின் கைப்பிடிச் சுவரிலோ ஜி.டி.எஸ். என்னும் எழுத்துகள் வெட்டியிருப்பதை அங்கத்தினர் கண்டால், அது யாரோ வேலையற்றவர் கிறுக்கியது என்று எண்ணவேண்டா. கடல்மட்டத்தினின்று அவ்விடத்தின் உயரத்தைக் குறிக்கும் அளவைக் குறி அது. ஏரி நீர் எப்பக்கம் பாயும் என்று கணக்கிடுவோர்க்கு இத்தகைய குறிகளே ஆதாரம்.

நிலத்தின் எல்லைக் கல்லைப்பற்றி உழவர்க்கு நாம் புதிதாகச் சொல்ல வேண்டுவதில்லை. எனினும் 1923ஆம் ஆண்டு அளவை, எல்லைகள் சட்டப்படி, நட்ட அளவுக்கல்லைப் பேணும் பொறுப்பு நிலத்துக்காரரையே சார்ந்தது என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். மனைப்பிரிவு போடுவோர் முதலில் பெயர்ப்பது இக்கல்லைத்தான். கல் போனபின் வரும் வழக்கிற்குச் சங்கத்தில் வாங்கிய கடன் செலவாகின்றதை நாம் கண்டிருக்கின்றோம்.

நிற்க. சாலையோரக் கற்களுள் நம் மனத்தை மிகவும் கவர்வது சுமைதாங்கிக் கல். இரண்டு கற்களைச் செங்குத்தாக நட்டு, அவற்றின்மேல் ஒரு கல்லைக் கிடையாக வைத்திருப்பர். உயரம் ஏறக்குறைய ஆளின் தோளளவு. அந்த உயரத்தில்தான் அதன் சூட்சுமம் இருக்கின்றது. தலைச்சுமையைத் தரையில் இறக்கிவிட்டால், மீண்டும் தூக்கிவிடப் பிறர் ஒருவர் வேண்டும். தனிவழியில் ஆளுக்கு எங்கே போவது? சுமைதாங்கியாயின், முழங்காலைச் சற்றே வளைத்துச் சுமையைக் கல்லின்மேல் நகர்த்திவிட்டு இளைப்பாறலாம். பிறகு அதன்கீழ்த் தலையைக் கொடுத்து எவர் உதவியுமின்றி எடுத்துக்கொண்டு போகலாம். நெல் மூட்டை சுமந்த உழவரும், துணிக்கட்டுகளைச் சந்தைக்குச் சுமந்த நெசவாளரும், மோர்ப்பானையும் கீரைக்கூடையும் சுமந்த பெண்டிரும் இக்கல்லை வாழ்த்தியிருப்பர்.

இக்கல்லை நட்டவர் யார் என்று கேட்டால் உள்ளம் உருகும். கருவுற்ற நிலையில் பிள்ளை பெறாமலே இறந்த பெண்ணின் நினைவாக அவள் குடும்பத்தார் சுமைதாங்கி நடுவது தமிழகத்தில் நெடுநாளைய வழக்கம். வயிற்றுச் சுமையை இறக்காமலே சென்றவளின் பொருட்டு, வழிப்போவார் சுமையை இறக்கி வைக்க ஓரிடம் செய்து வைத்தனர். சில கற்களில் பெயரும் ஆண்டும் வெட்டியிருக்கும்; பலவற்றில் எதுவும் இராது. பேறுகாலத்தில் தாய்மார் எத்தனைபேர் மாண்டனர் என்பதற்கு அக்காலத்துக் கிராமங்களில் கணக்கெடுப்பு இல்லை. இக்கற்கள்தாம் கணக்கு. அரசர் பெயரும் படைத்தலைவர் பெயரும் பொறித்த கற்களுக்குக் காவலும் வேலியும் உண்டு. சுமைதாங்கிக்கு அவை கிடையா. சாலை அகலமாகும்போது முதலில் மண்ணுக்குள் போவதும், பாலத்தின் அடித்தளத்திற்கு உடைபடுவதும், யாரோ வீட்டு வாசலில் துணிதுவைக்கும் கல்லாவதும் இதுவே.

நம் கூற்று மிகையென்று நினைப்போர் காஞ்சிபுரத்திற்கருகே உள்ள புள்ளலூருக்குச் சென்று பார்க்கலாம். அங்கு வயல்வெளியில் இரண்டு கூர்நுனித் தூண்கள் நிற்கின்றன. 1781ஆம் ஆண்டு ஆகஸ்ட் திங்கள் 27ஆம் நாள் ஹைதர் அலியின் படையோடு பொருது மாண்ட ஜார்ஜ் பிரௌன், ஜேம்ஸ் ஹிஸ்லாப் என்னும் இரண்டு கும்பினி அதிகாரிகளுக்கு எழுப்பப்பட்டவை அவை. அதற்கு முந்திய ஆண்டு செப்டம்பர் 10ஆம் நாள் அதே பக்கத்தில் கர்னல் பெய்லியின் படை ஹைதராலும் திப்புவாலும் முற்றிலும் முறியடிக்கப்பட்டது. அதற்கும் ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னர்ப் பல்லவன் மகேந்திரவர்மன் பகைவரை வென்ற களமும் புள்ளலூரே என்று செப்பேடு கூறும். மூன்று போர்களிலும் மிதிபட்ட பயிர் எவருடையது? 1780ஆம் ஆண்டின் குதிரைப்படைக்கு அஞ்சி ஊர்விட்டோடிய உழவரும் நெசவாளரும் எத்தனை பேர்? அவர்களுக்கு ஒரு கல்லும் அங்கு நடப்படவில்லை.

நெசவாளரின் தடம் கல்லில் அறவே இல்லை என்று சொல்லுவதற்கும் இல்லை. சோழர் காலக் கல்வெட்டுகளில் தறியிறை என்னும் வரி அடிக்கடி வருகின்றது. தறி இருந்த ஊரை வரியைக் கொண்டே அறிகின்றோம் என்பது சற்றுக் கசப்பான செய்திதான். விஜயநகர அரசர் காலத்தில் நெசவாளர் சில ஊர்களில் பல்லக்கும் சங்கும் பெறும் உரிமையைப் போராடிப் பெற்றதையும் கல்வெட்டுகள் பதிந்திருக்கின்றன. கல்லில் இல்லாதது ஊர்ப்பெயரில் நிற்கும். ஆவடிக்கு அருகே பருத்திப்பட்டு என்றோர் ஊர் உண்டு. இன்று அங்கு ஏரிக்கரையில் பூங்காவும் நடைபாதையும் அமைத்திருக்கின்றனர். பருத்திச் செடியைக் காண்பதற்கில்லை. பெயரில் மட்டும் பருத்தி வெடித்துக்கொண்டே இருக்கின்றது. சென்னை நகருக்குள் இருக்கும் சிந்தாதிரிப்பேட்டை 1734ஆம் ஆண்டில் ஆளுநர் மார்ட்டன் பிட் காலத்தில் நூற்போரையும் நெய்வோரையும் குடியேற்றி உண்டாக்கப்பட்டது. சின்னத் தறிப்பேட்டை என்பதே அவ்வாறு மருவிற்று என்பர். பல்லாவரத்திற்கருகே அனகாபுத்தூர் நெசவாளர் நெய்த கட்டம்போட்ட மதராஸ் கைக்குட்டைத் துணி, கடல்கடந்து நைஜீரியா நாட்டு மாதரின் தலைக்கும் இடைக்கும் அணியாயிற்று. அந்நாட்டில் இறக்குமதி தடைப்பட்டதும் தறிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. ஆப்பிரிக்காவின் திருமணங்களில் இடம்பெற்ற துணி எந்தத் தெருவில் நெய்யப்பட்டது என்று வழிப்போக்கருக்குச் சொல்ல ஒரு பலகை இருந்தால் ஆகாதா?

செங்குன்றத்தையும் சிந்தாதிரிப்பேட்டையையும் இணைத்து 1837ஆம் ஆண்டில் ஓர் இரும்புப்பாதை ஓடியது என்றால் நம்புவோர் சிலரே. சாலை போடுவதற்குக் கல் கொண்டுவருவதே அதன் வேலை. பின்னாளில் கோதாவரியில் அணைகட்டிப் பெரும்புகழ் பெற்ற ஆர்தர் காட்டன் அதனை அமைத்தார். மக்கள் ஏறிச்செல்லும் இரயில் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடத் தொடங்கியது 1856ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் முதல் நாள். தென்னாட்டின் முதல் இரயில் தடமாகிய அது இன்றும் ஆவடி, திருவள்ளூர் வழியாகவே செல்கின்றது. சாவடிகள் வெறிச்சோடியதன் காரணத்தைத் தேடுவோர் இத்தேதியை நினைவில் கொள்வாராக.

திருமுல்லைவாயில், பாடி, திருவேற்காடு, திருநின்றவூர் முதலிய தலங்களின் தோரண வாயில்கள் சாலையோரத்தில் நின்று தம் கதையைத் தாமே கூறுகின்றன. தொண்டைமானின் யானைக்காலில் முல்லைக்கொடி சுற்றிய கதையையும், கல்லாற் கோயில் கட்ட வழியின்றி மனத்திலேயே கோயில் கட்டிய பூசலார் கதையையும் அறியாதார் இரார், ஆகவே விரிக்கவில்லை. கோயிற் சுவர்களில் உழவர் தேடிப் பார்க்கவேண்டிய ஒன்றை மட்டும் சொல்லுவோம். பல சோழர் காலக் கோயில்களின் அடிமட்டத்தில் இரு முனைகளிலும் குறியிட்ட நீண்ட கோடு ஒன்று வெட்டப்பட்டிருக்கும். அது அலங்காரம் அன்று. அவ்வூரில் நிலம் அளக்க வழங்கிய கோலின் நீளம். அளப்பவன் கோலைக் குறைத்துவிட்டான் என்று ஐயம் எழுந்தால், ஊரார் கோலைக் கொண்டுவந்து சுவரோடு ஒத்துப் பார்ப்பர். நம் சங்கப் பண்டகசாலையில் ஆண்டுதோறும் தராசுக்கு முத்திரை இடுவிக்கின்றோமே, அதற்கு மூத்த ஏற்பாடு இது.

ஆவடிக்கு வருவோம். சாலையோரத்தில் மேடையேற்றி நிறுத்தியிருக்கும் பீரங்கி வண்டிகளே இங்கு வழிப்போக்கர் கண்ணில் படுவன. 1961ஆம் ஆண்டில் தோன்றிய கனரக வாகனத் தொழிற்சாலை விஜயந்தா என்னும் பீரங்கி வண்டியை 1965ஆம் ஆண்டில் வெளிக்கொணர்ந்தது. கவச வண்டிக் கிடங்கு என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளைச் சேர்த்தே ஆவடி என்னும் பெயர் உண்டாயிற்று என்று படித்தவர்களும் கூறுகின்றனர். இது வெறும் கட்டுக்கதை. தொழிற்சாலை வருமுன்பே, 1955ஆம் ஆண்டு ஜனவரியில் நாடே ஆவடி என்னும் பெயரை அறிந்திருந்தது. காங்கிரஸின் 60ஆவது மாநாடு, தேபர் அவர்கள் தலைமையில் கூடி, சோஷலிச பாணிச் சமுதாயமே நாட்டின் குறிக்கோள் என்று தீர்மானித்தது இவ்வூரில்தான். மாநாடு நடந்த இடத்திற்குச் சத்தியமூர்த்தி நகர் என்று பெயரிட்டிருந்தனர்.

அதற்கு ஒரு திங்கள் முன்னர், 1954 டிசம்பரில், கோர்வாலா தலைமையில் ரிசர்வ் வங்கி அமைத்த கிராமக் கடன் ஆய்வுக் குழுவின் அறிக்கை வெளியாகியிருந்தது. உழவர் 1951-52இல் பெற்ற கடனில் கூட்டுறவுச் சங்கங்கள் கொடுத்தது நூற்றுக்கு மூன்று பங்கே. வட்டிக்கடைக்காரரும் மற்ற லேவாதேவிக்காரரும் கொடுத்தது ஏறத்தாழ எழுபது பங்கு என்று அவ்வறிக்கை கண்டது. சங்கங்களின் பங்குமூலதனத்தில் அரசும் பங்கெடுக்கவேண்டும் என்று அது கூறிய யோசனையும், ஆவடியின் தீர்மானமும் ஒன்றையொன்று தழுவி, இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டத்தில் வேலைக்கு வந்தன. சங்கத்தின் ஐந்தொகையில் அரசுப் பங்கு என்று ஒரு வரி இருக்கின்றதே, அதன் பூர்வோத்தரத்தில் ஒரு பாதி ஆவடியில் இருக்கின்றது. அரசு பங்கெடுத்தபின் அரசின் அதிகாரியும் கூடவே வந்து உட்கார்ந்தார் என்று குறைப்படுவோர் உண்டு. அக்குறையில் நியாயம் இல்லாமலில்லை; அதனை எழுதும் நாமும் அவ்வதிகாரிகளுள் ஒருவரே.

இனி, இக்கட்டுரையை எழுதத் தூண்டிய ஊருக்கு வருகின்றோம். ஆவடியைத் தாண்டித் திருவள்ளூர் நோக்கிச் செல்லும் தடத்தில், செவ்வாப்பேட்டைப் பக்கத்தில் திரூர் என்னும் சிற்றூர் இருக்கின்றது. சென்னை அரசாங்கம் 1892ஆம் ஆண்டில் பிரெடரிக் நிக்கல்சன் என்னும் அதிகாரியை நியமித்து, உழவர்க்குக் கடன் கிடைக்கும் வழியை ஆராயச் சொன்னது. அவர் ஐரோப்பாவின் கிராம வங்கிகளை ஆராய்ந்து 1895லும் 1897லும் இரண்டு பெரும் பாகங்களாக அறிக்கை அளித்தார். ஜெர்மனியில் ரைஃபைசன் என்பார் 1864ஆம் ஆண்டில் தொடங்கிய கிராமக் கடன் சங்கத்தைப் போன்றதே இந்நாட்டிற்கும் ஏற்றது என்பது அவர் முடிவு. 1904ஆம் ஆண்டு மார்ச்சு 25ஆம் நாள் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்தது. அவ்வாண்டே அச்சட்டத்தின்கீழ்த் திரூரில் கிராமக் கடன் சங்கம் பதிவாயிற்று. இந்நாட்டில் அச்சட்டப்படி தோன்றிய முதற் கிராமச் சங்கம் அதுவே. கர்நாடகத்தின் கதக் பக்கத்துக் கணகினஹாள் ஊரார் தங்கள் சங்கத்தை முதன்மையானதென்று கொண்டாடுவர். அது 1905ஆம் ஆண்டு தோன்றியது. அவர்கள் கொண்டாடுவதைக் குறைகூறோம். கொண்டாடத் தெரிந்தவர்கள் அவர்கள்.

இங்கிலாந்தில் ராச்டேல் என்னும் ஊரில் 28 பேர், அவர்களில் பலர் நெசவாளர், 1844ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் நாள் ஒரு சிறு கடை திறந்தனர். மாவு, வெண்ணெய், சர்க்கரை, ஓட்ஸ், மெழுகுவத்தி ஆகியவையே சரக்கு. அந்தக் கடைக் கட்டடத்தை 1931 முதல் காட்சிச்சாலையாக வைத்துப் போற்றி வருகின்றனர்; உலகின் பல மூலைகளிலிருந்தும் கூட்டுறவாளர் சென்று பார்க்கின்றனர். திரூரின் பெயரை நம் சங்கங்களின் அங்கத்தினருள் எத்தனை பேர் கேட்டிருக்கின்றனர்? நாம் கூட்டம் கூட்டமாகக் கேட்டுப் பார்த்ததில், கைதூக்கியவர்கள் ஒரு கை விரலுக்குள் அடங்குவர்.

திரூர் என்னும் பெயர் வேறொரு வழியில் உழவர் வீட்டுக்குள் நுழைந்திருப்பது இதனினும் சுவையானது. விதை மூட்டையில் டி.கே.எம். 9, டி.கே.எம். 13 என்று அச்சிட்டிருப்பதைக் காணாத நெல் விவசாயி இப்பக்கத்தில் இரார். அந்த மூன்று எழுத்துகளும் திரூர்க்குப்பத்தையே குறிப்பன. அங்குள்ள நெல் ஆராய்ச்சி நிலையம் கண்ட இரகங்கள் அவை. டி.கே.எம். 6 என்னும் பழைய இரகம் கடல்கடந்து பிலிப்பைன்ஸ் நாட்டின் பன்னாட்டு நெல் ஆராய்ச்சிக் கழகத்திற்குச் சென்று, ஐ.ஆர். 20 என்னும் புகழ்பெற்ற நெல்லுக்குப் பெற்றோருள் ஒன்றாயிற்று. தண்டுத்துளைப்பானைத் தாங்கும் ஆற்றல் அதன்வழி வந்தது. கல்லில் பொறிக்காத ஊர்ப்பெயர் சணல் சாக்கில் பொறித்து நாடெங்கும் சென்றிருக்கின்றது.

ஐக்கிய நாடுகள் சபை 2025ஆம் ஆண்டைப் பன்னாட்டுக் கூட்டுறவு ஆண்டாக அறிவித்தது. விழாக்களும் ஊர்வலங்களும் நடந்தன. அத்தருணத்தில் நம் மனத்தில் எழுந்த எண்ணம் இதுவே: ஒவ்வொரு சங்கமும் முதலில் தன் வாசற்படியைப் பார்க்கவேண்டும். நம் சங்கங்கள் பலவற்றில் அடிக்கல் நாட்டிய கல்லும் திறப்புவிழாக் கல்லும் சுவரில் பதிந்திருக்கின்றன. ஆண்டுதோறும் சுண்ணாம்பு அடிப்பவர் கல்லையும் சுவரையும் வேறுபடுத்துவதில்லை. ஒரு சங்கத்தில் தணிக்கைக்கு அமர்ந்திருந்தபோது, சுவரில் சதுரமாக ஒரு மேடு தெரிந்தது. காரியதரிசி தேங்காய்நாரால் மெல்லத் தேய்த்துப் பார்த்தார். பத்துப் பதினைந்து பூச்சுக்கு அடியில் சங்கத்திற்கு நிலம் கொடுத்த விதவை ஒருவரின் பெயர் இருந்தது. பஞ்சாயத்தாரில் மூத்தவர்க்கும் அப்பெயர் தெரியாது. பழைய தீர்மானப் புத்தகத்தைத் தேடிய பின்னரே விவரம் கிட்டியது.

அந்தத் தீர்மானப் புத்தகங்களைப்பற்றியும் எச்சரிக்கவேண்டியிருக்கின்றது. தொடக்க வேளாண்மைக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்கும் திட்டம் 2022ஆம் ஆண்டில் ஒப்புதல் பெற்று நடைபெற்று வருகின்றது. கணக்கு கணினியில் ஏறியதும், பழைய பேரேடுகளை எடைக்குப் போட்டுவிடலாம் என்னும் எண்ணம் சில இடங்களில் தலைகாட்டுகின்றது. சங்கத்தின் முதற் பதிவேடும், முதல் அங்கத்தினர் பட்டியலும், முதற் பத்தாண்டுத் தீர்மானங்களும் எக்காரணத்தாலும் எடைக்குப் போகலாகாது. அவற்றை ஒரு தகரப்பெட்டியில் இட்டு, கரையான் அணுகாவண்ணம் வேப்பிலை வைத்துச் சங்கத்திலேயே பூட்டி வைக்கலாம்.

சாலையோரக் கல்லைப் பதிவு செய்ய விரும்பும் அங்கத்தினர்க்கு வேண்டிய முறையையும் கூறிவிடுகின்றோம். தேய்ந்த எழுத்தைப் படிக்க உச்சிவெயில் உதவாது. காலை எழுஞாயிற்றின் ஒளியோ மாலைச் சாய்வொளியோ பக்கவாட்டில் விழும்போது, பள்ளத்தில் நிழல் தங்கி எழுத்து எழுந்து நிற்கும். கல்லைத் தண்ணீராலும் மெல்லிய நார்த்தூரிகையாலும் கழுவினால் போதும். கம்பித் தூரிகையும் அமிலமும் கூடவே கூடா. வண்ணம் பூசுவது அதனினும் கேடு. அறிந்தோர் மைப்படி எடுப்பர். அதாவது, நனைத்த தடித்த காகிதத்தைக் கல்லின்மேல் பரப்பி, தூரிகையால் தட்டித் தட்டி எழுத்தின் பள்ளத்துக்குள் இறங்கச் செய்து, பின் மேலே மை ஒற்றுவர். எழுத்து வெள்ளையாகவும் சுற்றிடம் கறுப்பாகவும் வரும். அதற்குப் பழக்கம் வேண்டும். நமக்குக் கைபேசியில் எடுத்த ஒளிப்படமே போதுமானது. ஒரு படம் நெருங்கியும் ஒரு படம் சுற்றுப்புறம் தெரியவும் எடுக்கவேண்டும். எந்தச் சாலை, எந்தச் சர்வே எண், எத்திசை நோக்கி நிற்கின்றது, நீள அகலம் எத்துணை, ஊரார் அதனை எப்பெயரிட்டு அழைக்கின்றனர், அதைப்பற்றி மூத்தோர் சொல்லுவது யாது ஆகியவற்றைச் சங்கத்தில் ஒரு தனிப் புத்தகத்தில் எழுதி, சொன்னவர் வயதையும் தேதியையும் குறிக்கவேண்டும். சாலை வேலை தொடங்கும் அறிகுறி தெரிந்தால், கிராம நிருவாக அலுவலர் வழியாக வட்டாட்சியருக்கும், மாநிலத் தொல்லியல் துறைக்கும் எழுத்து மூலம் தெரிவித்து, நகலைக் கோப்பில் வைக்கவேண்டும். நிலத்தை உழும்போது பழம்பொருள் ஏதேனும் கிடைத்தால், 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்கு அறிவிக்கவேண்டிய கடமையும் உண்டு. கல்லை இடம்பெயர்த்து வீட்டுக்கோ கோயிலுக்கோ கொண்டுசெல்லுதல் நல்லெண்ணத்தால் செய்யப்படினும் தவறே. எங்கே நின்றது என்பதில்தான் அதன் பொருளில் பாதி அடங்கியிருக்கின்றது.

வரும் மகாசபைக் கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலில், இதர விஷயங்கள் என்னும் தலைப்பின்கீழ் இப்புத்தகம் திறப்பதை ஒரு தீர்மானமாகச் சேர்த்துக்கொள்ளலாம். செலவு ஒரு கட்டுப்புத்தகத்தின் விலையே. அதனைச் சில்லறைச் செலவினத்தில் எழுதுவதற்குத் தணிக்கையில் ஆட்சேபம் இராது.